மோரிஸ் மைனரில் கூடுதல் மீட்டர்கள்: ஊசி எந்தப் பக்கம் பொய் சொல்கிறது?

12 ஜனவரி 2025, பட்டர்வொர்த் வாசகர் கேட்டது

"மாமனார் ஓட்டிய 1967ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நடுவில் வேகமானியும் அதற்குள் ஒரு பெட்ரோல் ஊசியும் இருக்கின்றன; வேறு மீட்டர் எதுவும் இல்லை. தண்ணீர்ச் சூடு, ஆயில் அழுத்தம், பேட்டரி ஆகிய மூன்றையும் பார்க்க மீட்டர் வைக்கலாம் என்று போனால், வயரிங் கடைக்காரர் டேஷ்போர்டில் மூன்று ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்கிறார். பழைய கார் வைத்திருக்கும் நண்பரோ, சிவப்பு விளக்குகளே போதும், மீட்டர் வைப்பது கிழவிக்குக் கம்மல் போட்டு அழகு பார்ப்பதுதான் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

13 ஜனவரி

ஓட்டை போட வேண்டாம். கம்மல் என்று ஒதுக்கவும் வேண்டாம். நானும் இதே வேலையில் பாதி வழியில்தான் நிற்கிறேன் என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது 1963ஆம் ஆண்டு மைனர், 1098 சிசி இயந்திரம். 1954இன் இறுதியில் இந்த வண்டியின் டேஷ்போர்டை மாற்றியமைத்தபோது வேகமானியை நட்டநடுவே கொண்டுவந்தார்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் அதே அமைப்பு பொருந்திவிடும். அந்த ஒற்றை வட்டத்துக்கு இரண்டு பக்கமும் குளோவ் பாக்ஸ்கள் இருக்கின்றன. எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டால் ஆயிலுக்கு ஒரு விளக்கு, பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் டைனமோவுக்கு ஒரு விளக்கு. தண்ணீருக்கு எதுவுமே இல்லை. ஆயில் விளக்கின் கதை இன்னும் வேடிக்கையானது. சூடேறிய இயந்திரம் சாலையில் ஓடும்போது அறுபது பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில் நிற்க வேண்டிய அழுத்தம் இருபத்தைந்துக்கு விழுந்தாலும் அந்த விளக்கு வாயைத் திறக்காது. பத்துக்கும் கீழே இறங்கிய பிறகுதான் எரியும், அதற்குள் பேரிங்குகள் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டிருக்கும்.

டைனமோ விளக்கை மட்டும் மட்டமாக எண்ணிவிடாதீர்கள். டைனமோவையும், தண்ணீர்ப் பம்பையும், அதன் முகத்தில் பூட்டிய காற்றாடியையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு திடீரென்று எரிந்தால், முதலில் பெல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீருக்கு விளக்கு இல்லாத காரில் அதுவே தண்ணீர் விளக்கும் ஆகிறது.

ஓட்டைக்கு மாற்றாக நான் செய்தது இது. ஓட்டுநர் பக்கத்து குளோவ் பாக்ஸின் வாய்க்கு அட்டையில் அச்சு எடுத்து, அதே வடிவில் ப்ளைவுட் பலகை ஒன்றை அறுத்து, அதில் 52 மில்லிமீட்டரில் மூன்று வட்டங்களை வெட்டினேன். பலகையின் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டையை ஒட்டி, ஓட்டுபவரின் கண்ணை நோக்கிச் சற்றே சாய்த்து அழுத்தியதும் அது இறுகி உட்கார்ந்துகொண்டது. திருகாணி ஒன்றுகூடத் தகட்டில் இறங்கவில்லை. நாளை யாராவது பழைய கோலத்திலேயே வேண்டும் என்றால், பலகையைப் பிடித்து இழுத்தால் போதும்.

15 ஜனவரி

முந்தாநாள் எழுதாமல் விட்டது. உங்கள் 1967 காரும் என் 1963 காரும் பாசிட்டிவ் எர்த் வண்டிகளாகவே தொழிற்சாலையை விட்டு வந்திருக்கும். அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்பில் பூட்டப்பட்டிருக்கும். இன்று கடையில் கிடைக்கும் மீட்டர்கள் எல்லாம் நெகட்டிவ் எர்த்தை நம்பிச் செய்யப்பட்டவை. பயப்பட வேண்டாம்; மீட்டரின் இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது.

19 ஜனவரி

மேலே இருப்பதை நம்ப வேண்டாம். எழுதியவன் நான்தான், ஆனாலும் நம்ப வேண்டாம்.

வயரை மாற்றிப் பூட்டும் தந்திரம் பேட்டரியைக் காட்டும் வோல்ட்மீட்டர் ஒன்றுக்குத்தான் செல்லும், ஏனென்றால் அதற்கு வெளியே சென்சார் கிடையாது. வெப்பத்துக்கும் ஆயிலுக்கும் உள்ள சென்சார்கள் இயந்திரத்தின் இரும்பில் திருகப்பட்டு, அந்த இரும்பு வழியாகவே சுற்றை முடிக்கின்றன. மீட்டரைத் தலைகீழாகப் பூட்டினால் சென்சாரின் மறுமுனை தவறான பக்கத்தில் போய் நின்றுவிடும். அந்த வோல்ட்மீட்டராவது ஒழுங்காக வேலை செய்ததா என்றால், அதன் உலோக விளிம்பு உள்ளே நெகட்டிவோடு இணைந்திருந்தது எனக்குத் தெரியாது. பலகையைத் தள்ளும்போது விளிம்பு டேஷ்போர்டுத் தகட்டில் உரசியது, டிக் என்று ஒரு சத்தம், பியூஸ் போயிற்று. மீட்டருக்கென்று மூன்று ஆம்பியரில் தனிப் பியூஸ் வைத்திருந்ததால் அதோடு போனது.

பியூஸ் பற்றியே இன்னொன்று. லூகாஸ் என்ற பழைய பிரிட்டிஷ் நிறுவனத்தின் பியூஸில் 35 என்று அச்சிட்டிருந்தால் 35 ஆம்பியரில் அது எரிந்துபோகும் என்று பொருள்; தொடர்ந்து தாங்கக்கூடியது 17தான். இன்றைய பியூஸில் எழுதியிருக்கும் எண்ணோ தொடர்ந்து தாங்கும் அளவு. பழையது எரிந்தது என்று கடைக்குப் போய்ப் புதிய 35 ஆம்பியரை வாங்கிப் போட்டால், காவலாளியை அனுப்பிவிட்டுப் பொம்மையை நிறுத்திய கதைதான்.

2 பிப்ரவரி

முடிவெடுத்துவிட்டேன், கார் இப்போது நெகட்டிவ் எர்த். 1963ஆம் ஆண்டு வண்டியில் டிரான்சிஸ்டர் எதுவும் இல்லாததால் ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலைதான் இது. பேட்டரியைத் திருப்பி வைத்து கேபிள்களை மாற்றினேன். தீப்பொறிக்கு மின்சாரம் ஏற்றும் இக்னிஷன் காயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று எழுதிய இரண்டு சிறு முனைகளின் வயர்களையும் இடம் மாற்றினேன். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், தீப்பொறிதான் பலவீனமாகும். பிறகு டைனமோவுக்குத் திசையைக் கற்றுக்கொடுக்க வேண்டும்: அதன் எஃப் முனையில் இருந்த வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் உயிர் முனையிலிருந்து (உடம்பில் பூட்டாத முனை) ஒரு வயரைக் கொண்டுவந்து அந்த முனையில் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுத்தேன். சிறு பொறி பறக்கும், அவ்வளவுதான். வைப்பர் மோட்டார் எந்தத் திசைக்கும் ஒரே மாதிரி ஓடியது. பழைய எஸ்யூ பெட்ரோல் பம்பும் வழக்கம்போல டக் டக் என்றது. ஆனால் புதிதாக வாங்கிய மின்னணுப் பம்பு பூட்டியிருப்பவர்கள் அதன் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது. ஹீட்டர் மோட்டார் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் என்னிடம் இல்லை. என் காரில் ஹீட்டரே இல்லை. பினாங்கில் காருக்குள் உட்கார்ந்தாலே அது கிடைத்துவிடுகிறது.

5 பிப்ரவரி

மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் வைத்தால் என்ன, பழைய கார்களுக்கு அதுதானே பொருத்தம் என்று கேட்டிருக்கிறார்கள். பொருத்தம்தான், அழகும்தான். ஆனால் வண்டியின் மின்சாரம் முழுவதையும் தடித்த வயரில் டேஷ்போர்டுக்குள் இழுத்துவந்து அதன் வழியே அனுப்ப வேண்டும், அந்த வயரில் ஒரு நட்டு தளர்ந்தால் தீக்கு அழைப்பு விடுத்தது போலாகும். வோல்ட்மீட்டருக்குப் பியூஸ் பெட்டியின் ஏ4 முனையிலிருந்து மெல்லிய பச்சை வயர் ஒன்று போதும். இயந்திரம் நின்றிருக்கும்போது 12.6க்கு அருகில், ஓடும்போது 14 அளவில் என்றால் நிம்மதி. இரவில் ஹெட்லைட்டைப் போட்டு சிக்னலில் நிற்கும்போது 12க்கு இறங்கினால் திகைக்க வேண்டாம். 22 ஆம்பியர் டைனமோ மெதுவாகச் சுற்றும்போது அவ்வளவுதான் தரும். மீண்டும் வேகம் எடுத்ததும் ஊசி ஏறுகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

வயர் நிறம் கேட்டவருக்கு: பச்சை என்பது பியூஸ் வழியாக வரும் இக்னிஷன் (சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரம்), வெள்ளை பியூஸ் இல்லாதது, பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, கறுப்பு எர்த், சிவப்பில் வெள்ளைக் கோடு மீட்டர் விளக்கு. அறுபது வருடத்து அழுக்கில் எல்லாமே பழுப்பாகத்தான் தெரியும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். தண்ணீர்மலைப் பக்கம் வீதிகள் அடைபட்டிருந்ததால் மாலையில் ஜாலான் பர்மாவில் நடைவேகத்தில் நகர்ந்தேன். சூடு மீட்டர் 85 டிகிரியில் நின்றது. இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டேன், ஊசி ஒரே தாவலில் 95க்குப் போனது. வியர்த்துவிட்டது. பின்னிருக்கையில் இருந்த மாமியார், "ஏன் தம்பி, கார் ஏதாவது சொல்லுதா?" என்றார். கார் எதுவும் சொல்லவில்லை, மீட்டர்தான் சொல்லியது. விளக்கை அணைத்தேன், 85. போட்டேன், 95. தண்ணீர் அப்படித் துள்ளாது என்பது அதற்குப் பிறகுதான் புத்திக்கு எட்டியது. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை ஊசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில், முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளை இரண்டு முறை முத்தமிடப் பார்த்தேன்.

16 பிப்ரவரி

கண்டுபிடித்தேன். சூடு மீட்டர், வோல்ட்மீட்டர் இரண்டின் எர்த்தையும் மூன்று மீட்டர் விளக்குகளின் எர்த்தையும் ஒரே மெல்லிய கறுப்பு வயரில் சேர்த்து, அதைப் பெயிண்ட் சுரண்டாத ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தேன். விளக்கு எரிந்ததும் அந்த வயரில் ஓட்டம் கூடுகிறது, போல்ட்டின் தடையால் மீட்டர்களின் எர்த் சற்றே மேலே தூக்கப்படுகிறது, சூடு ஊசி கூடுதலாகக் காட்டுகிறது. பெயிண்டைச் சுரண்டி, விளக்குகளுக்குத் தனி எர்த் கொடுத்ததும் தாவல் நின்றுவிட்டது.

பட்டர்வொர்த் நண்பரே, நீங்கள் இன்னும் பலகையே அறுக்கவில்லை என்று தெரிகிறது. நல்லது. என் பிழைகள் முடியட்டும்.

9 மார்ச்

ஈப்போவிலிருந்து டாட்சன் 120ஒய் வைத்திருக்கும் அக்கா ஒருவர், பெட்ரோல் ஊசியும் சூடு ஊசியும் ஒன்றாகவே உயர்கின்றன, சூட்டுக்குத் தனி மீட்டர் வைக்கவா என்று கேட்கிறார். பொறுங்கள் அக்கா. உங்கள் வண்டி நெகட்டிவ் எர்த், மீட்டரும் ஏற்கெனவே இருக்கிறது. வெப்பத்தால் வளையும் பட்டையில் இயங்கும் மீட்டர்களுக்குப் பின்னால் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு ரெகுலேட்டர் ஒன்று உண்டு. இரண்டு ஊசிகளும் சேர்ந்தே தப்பு செய்தால் குற்றம் அதனுடையதாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

பழைய மீட்டர்களே வேண்டும் என்று தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சூட்டையும் ஆயிலையும் ஒரே வட்டத்தில் காட்டும் ஸ்மித்ஸ் மீட்டர் ஒன்றைக் காலைச் சந்தையில் பார்த்ததும் பேரம்கூடப் பேசாமல் நாற்பது வெள்ளி கொடுத்து வாங்கினேன். அதன் சூட்டுப் பக்கத்தில் வயர் இல்லை. மயிரிழைத் துளையுள்ள செம்புக் குழாயும் அதன் நுனியில் ஒரு குமிழும் இருக்கும், உள்ளே அடைத்திருக்கும் திரவம் சூட்டில் ஆவியாகி ஊசியைத் தள்ளும். என் குழாய் மீட்டருக்குப் பின்னால் ஒரு சாணில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய குழாய் என்பது செத்த மீட்டர். விற்றவர் மறைக்கவில்லை, நான்தான் முகத்தை மட்டும் பார்த்து மயங்கினேன். இப்போது அது மேசை மேல் இருக்கிறது. ஊசி முப்பதில் நிற்கிறது, ஜன்னலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

21 ஏப்ரல்

ஆயில் மீட்டர் விஷயத்தில் நான் முதலில் இயந்திர வகையைத்தான் எடுத்தேன். பிரெஞ்சுக்காரர் யூஜீன் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற அதே வளைந்த குழாய்த் தத்துவம்: அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு ஊசியைத் திருப்பும். மின்சாரம் வேண்டாம், எர்த் வேண்டாம், பொய் சொல்ல வழியே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அதற்கான விலை, இயந்திரத்தின் கொதிக்கும் ஆயிலை மெல்லிய நைலான் குழாயில் நம் முழங்காலுக்கு மேலே கொண்டுவருவது.

சனிக்கிழமை பாயான் லெப்பாஸில் ஒரு திருமணம். போகிற வழியில் மீட்டருக்குப் பின்னால் இருந்த நட்டு கசிந்து, பட்டு வேட்டியின் மடிப்பில் ஒரு ரூபாய் அளவுக்குத் தொடங்கி, மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மலேசிய வரைபடம் அளவுக்குப் பரவியது. மனைவி சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு மின்சார சென்சாருக்கு மாறுகிறேன். செம்புக் குழாய் போட்டிருந்தால் தாங்கியிருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாங்கியிருக்கலாம், வேட்டி திரும்பி வராது.

4 மே

புதிய ஆயில் மீட்டர் அற்புதம். சாலையில் எழுபது, ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி இயந்திரம் மெதுவாக ஓடும்போது) ஐம்பது. இயந்திரம் இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

7 மே

எதிர்பார்க்காததற்குக் காரணம் இருந்திருக்கிறது. நன்றாகச் சூடேறிய அறுபது வயது இயந்திரம் ஐட்லிங்கில் ஐம்பது காட்டாது. பதினைந்து இருபது காட்டினாலே கும்பிடு போட வேண்டும். சென்சாரைத் திருகும்போது கசியக் கூடாதே என்று வெள்ளை டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றியிருந்தேன். அந்த சென்சாருக்கு ஒரே முனைதான், அதன் எர்த் திருகு வழியாகவே போக வேண்டும். டேப் அந்த வழியை அடைத்து, தடையைக் கூட்டிவிட்டது. இந்த வகை சென்சாரில் அழுத்தம் இல்லாதபோது தடை பத்து ஓம், முழு அழுத்தத்தில் நூற்றெண்பது ஓம் அளவு. ஆக, எங்கே தடை கூடினாலும் மீட்டர் அதை அழுத்தம் என்றே படிக்கும். டேப்பைச் சுரண்டிவிட்டுத் திருகின் நுனியில் சீலன்ட் ஒரு துளி மட்டும் வைத்தேன். சாலையில் ஐம்பத்தைந்து, ஐட்லிங்கில் பதினெட்டு. மகிழ்ச்சி குறைந்தது, உண்மை வந்தது.

சென்சாரும் மீட்டரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய வகைப் பெட்ரோல் மீட்டர் தொட்டி காலியாக இருக்கும்போது பத்து ஓமும், நிறைந்தால் நூற்றெண்பதும் எதிர்பார்க்கும். அமெரிக்க வகை காலியில் இருநூற்று நாற்பதும் நிறைவில் முப்பத்து மூன்றும் எதிர்பார்க்கும். ஒன்றின் மீட்டரை இன்னொன்றின் சென்சாரோடு சேர்த்தால், தொட்டி வற்ற வற்ற ஊசி நிறைந்துகொண்டே போகும்.

22 ஜூன்

டுரியான் தின்ன பாலிக் பூலாவ் போனோம். பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலையில் ஏறும்போது காரில் நான்கு பேர். பாதி ஏற்றத்தில் சூடு ஊசி 88இல் நின்றது. இன்னும் இரண்டு வளைவு ஏறியதும் அது மெல்ல இறங்கத் தொடங்கியது: எண்பது, எழுபது, அறுபது. ஏற்றத்தில் ஊசி இறங்குகிறதே, புது ரேடியேட்டர் மூடி நன்றாக வேலை செய்கிறது என்று பக்கத்தில் இருந்த மைத்துனரிடம் விளக்கிக்கொண்டே ஓட்டினேன். அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "சூடான இரும்பு வாடை வருது மச்சான்" என்றார். நிறுத்தி பானட்டைத் திறந்தால் ஆவி இல்லை, கொதிக்கும் சத்தமும் இல்லை. ரேடியேட்டரின் கீழ் ஹோஸின் கிளிப் நழுவி, தண்ணீர் முழுவதும் சாலையில் போயிருந்தது. ஆவி வருவதற்கும் உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும் அல்லவா?

நடந்தது இதுதான். என் பழைய சிலிண்டர் ஹெட்டில், சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே சென்சாருக்கான புடைப்பு இருக்கிறது, துளை போடப்படவில்லை. ஆகவே மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஓர் அலுமினியக் குழாய் இணைப்பைச் செருகி, அதில் சென்சாரை வைத்திருந்தேன். தண்ணீர் இறங்கியதும் முதலில் காலியானது அந்த மேல் ஹோஸ்தான். சென்சார் வெறுங்காற்றில் தொங்கிக்கொண்டு காற்றின் சூட்டைச் சொன்னது. இயந்திரம் வெந்துகொண்டிருந்தபோது மீட்டர் குளிர்ச்சி என்றது.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, கிளிப்பை முறுக்கி, சாலையோரப் பழக்கடைக்காரர் கொடுத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வீடு வந்தோம். ஹெட் கேஸ்கெட் பிழைத்துக்கொண்டது. பட்டறை போர்மேன் சோதித்துப் பார்த்துவிட்டார். டுரியானும் பிழைத்துக்கொண்டது, காருக்குள் வாடைதான் இன்னும் போகவில்லை. நல்ல வேளை, இரும்பு வாடை அதற்கு முன்பே வந்தது. திரும்பும்போது நடந்திருந்தால் டுரியானை மீறி ஒருவர் மூக்குக்கும் எதுவும் எட்டியிருக்காது.

29 ஜூன்

ஒரு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிப்ரவரியில் எழுதியதையும் மே மாதம் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மீட்டர் பொய் சொல்வதற்கும் ஒரு திசை இருப்பது தெரிகிறது.

மீட்டரின் பின்புறத்து எர்த் கெட்டால் சூடு ஊசி மேலே ஓடுகிறது. நாம் வியர்க்கிறோம், நிறுத்துகிறோம், காருக்கு ஒன்றும் ஆவதில்லை. சென்சாரின் எர்த் கெட்டால் கதை தலைகீழ். சூடு சென்சாரில் வெப்பம் ஏற ஏறத் தடை குறையும்: நாற்பது டிகிரியில் இருநூற்றுத் தொண்ணூறு ஓம் அளவில் இருப்பது நூற்றிருபது டிகிரியில் இருபத்திரண்டுக்கு வந்துவிடும். அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் என் சென்சாரை நனைத்து மல்டிமீட்டரில் பார்த்தபோது 38 ஓம் காட்டியது. அதன் எர்த்தில் துரு ஏறிப் பத்து ஓம் சேர்ந்தால் மீட்டர் 48 என்று படிக்கும், உண்மையில் நூறு டிகிரியாக இருப்பதைத் தொண்ணூற்றிரண்டு என்று சொல்லும். ஆயில் சென்சாரிலோ கூடுதல் தடை கூடுதல் அழுத்தமாகத் தெரியும். ஆக, இரண்டு சென்சார்களும் எர்த் கெட்டால் நமக்குப் பிடித்த செய்தியைத்தான் சொல்லும். தண்ணீரை விட்டு வெளியே நிற்கும் சென்சாரும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி. கெட்ட செய்தி சொல்லும் பிழையை நான்கு நாளில் தேடிப் பிடித்தேன். நல்ல செய்தி சொன்னபோது ஒருமுறை மூன்று நாள் கொண்டாடினேன், இன்னொரு முறை மைத்துனருக்கு வகுப்பே எடுத்தேன்.

ஹோஸ் நடுவே அலுமினிய இணைப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அதற்குத் தானாக எர்த் கிடைக்காது, தனி வயரைக் கொண்டுபோய் இயந்திரத்தில் பூட்ட வேண்டும். அந்த வயரை ஹோஸ் கிளிப்புக்கு அடியில் செருகியிருந்த என் இணைப்பில் வெள்ளைப் பூஞ்சை போல அலுமினியத் துரு படிந்திருந்தது. அதைத் துடைத்தபோது ஊசி ஐந்து டிகிரி ஏறியது. இத்தனை நாளும் அந்த ஐந்தைக் குறைத்தே பார்த்திருக்கிறேன்.

30 ஜூன்

நூறு டிகிரி என்றாலே கொதித்துவிடுமா என்று பட்டர்வொர்த் நண்பர் கேட்கிறார். மூடி நல்ல நிலையில் இருந்து ஏழு பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்தால் கொதிநிலை ஏறத்தாழ 111 டிகிரிக்குப் போகும். ஏற்றத்தில் சிறிது நேரம் 98 என்றால் நான் கலங்குவதில்லை; சமவெளியில் அதே 98 என்றால் நிறுத்திப் பார்ப்பேன். தெர்மோஸ்டாட் எது என்பதையும் கணக்கில் எடுங்கள். 74, 82, 88 டிகிரிகளில் திறப்பவை கிடைக்கின்றன. என்னுடையது 82.

10 ஆகஸ்ட்

திரை விஷயம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் மகன், ஊசியெல்லாம் தாத்தா காலம் என்று சொல்லி, தீப்பெட்டி அளவு திரை ஒன்றில் சூட்டையும் வோல்ட்டையும் எண்ணாகக் காட்டும் கருவியை ஒரே வாரத்தில் செய்து கொண்டுவந்தான். வேலை சுத்தம். இயந்திரத்தைக் கிளப்பியதும் திரை அணைந்து அணைந்து எரிந்தது. பிளக் வயர்கள் வெறும் செம்புக் கம்பி என்பதால் பொறியின் இரைச்சல் கருவியின் மூளைக்குள் புகுந்து அதை மறுபடி மறுபடி தொடங்கவைத்தது. இரைச்சலை அடக்கும் கார்பன் வயர்களைப் போட்டதும் அடங்கியது. நடுப்பகல் வெயிலில் எண்கள் தெரியவில்லை. தெரிந்தபோதோ 86.4, 87.1, 86.8 என்று அரித்துக்கொண்டே இருந்தது. ஊசிக்கு எடை இருக்கிறது, அற்பத்துக்கெல்லாம் அசையாது. சாய்வை ஓரக்கண்ணால் பார்த்தாலே போதும். எண்ணைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் அவன் செய்ததில் ஒன்றை வைத்துக்கொண்டேன். துணைக்கோளிலிருந்து வேகத்தை எடுத்துக் கிலோமீட்டரில் காட்டும் பகுதி அது. என் வேகமானி மைலில் பேசுகிறது, பினாங்குப் பாலத்தின் வேக எல்லை 80 கிலோமீட்டர், கணக்குப்படி ஊசி ஐம்பதில் நிற்க வேண்டும். ஊசி ஐம்பதில் நின்றபோது திரை 74 என்றது. மீட்டர் கூடுதலாகக் காட்டுவது நல்ல பக்கத்துப் பொய்தான். அபராதம் வராது, பின்னால் வரும் லாரிக்காரர்தான் ஹாரன் அடிப்பார். பழைய டயருக்குப் பதில் ரேடியல் போட்டவர்கள் இந்த ஒப்பீட்டை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் டயரின் சுற்றளவு மாறினால் வேகமானியின் கணக்கும் மாறும்.

26 அக்டோபர்

தீபாவளிக்கு முன்பே முடித்துவிட்டேன். சென்சார்த் துளை போட்ட பழைய ஹெட் ஒன்று கிடைத்தது. போர்மேன் அதைச் சமப்படுத்திப் பூட்டியதும் மேல் ஹோஸில் இருந்த அலுமினிய இணைப்பைத் தூக்கி வைத்துவிட்டேன். சென்சார் இப்போது ஹெட்டின் இரும்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்கும் முன்பே அசைகிறது, எர்த்தும் இயல்பாகக் கிடைக்கிறது. தண்ணீர் முழுவதும் போனால் இதுவும் குழம்பக்கூடும் என்பதால், ஊசி காரணமில்லாமல் கீழே இறங்கினாலும் நிறுத்திப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை தீபாவளியன்று அதே துன் சார்டோன் ஏற்றத்தில் நான்கு பேரோடு ஏறினேன்: அடியில் 84, உச்சியில் 95, மறுபக்கம் இறங்கியதும் 82. மைத்துனர் முன்னிருக்கையில் மூக்கை உயர்த்திக்கொண்டு வந்தார், கூடுதல் மீட்டராக.

2 நவம்பர்

பட்டர்வொர்த் நண்பர் காரை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். நெகட்டிவ் எர்த், விளக்குகளுக்குத் தனி எர்த், மீட்டருக்கு மூன்று ஆம்பியர் பியூஸ், எல்லாம் ஒழுங்கு. டேஷ்போர்டுத் தகட்டில் கீறல்கூட இல்லை. குளோவ் பாக்ஸில் தேக்குப் பலகை வைத்து வார்னிஷ் அடித்திருக்கிறார், என்னுடையதைவிட லட்சணமாக இருக்கிறது. மூன்று மீட்டர்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு வட்டமும் வெட்டி வெறுமையாக விட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை, பார்க்க நன்றாக இருந்தது என்றார். அந்த ஒன்றுக்கு மட்டும் கம்மல் என்ற சொல்லை அவருடைய நண்பருக்கு விட்டுக்கொடுக்கிறேன்.